பாட்டுக்கு உடையவர்

பளையில் பாரதி விழாவுக்குப் பாடல் பயின்ற மாணவி ஒருத்தி, “யாரிடமேனும் அனுமதி பெற வேண்டுமா, சேர்?” என்றாள். வேண்டியதில்லை. ஆனால் அந்த ‘இல்லை’யை நமக்குப் பெற்றுத் தந்தது ஒரு கிளர்ச்சி.

படைப்பு வடிவுற்றதும் பதிவின்றியே உரிமை பிறக்கிறது. கருத்து எவர்க்கும் பொது. சொன்ன வடிவமே உடைமை. உடைமையாதலின் விலைபோகவும் கூடும். வினை விளைந்தது இங்கேதான். 1921இல் மறைந்த பாரதியின் பாடல்களுக்கு அன்றைய இந்தியச் சட்டம் 1971 வரை வேலியிட்டிருந்தது. நூலுரிமை தம்பி விசுவநாதனிடம் இருந்தது. இசைத்தட்டு, திரைப்பட உரிமைகளோ கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தன. டி.கே.எஸ். சகோதரர் 1948இல் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது பிணக்கு மூண்டது. விடுதலை பாடியவன் பாட்டுக்கே விலங்கா? நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர் கொதித்தெழுந்தனர்.

1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் சென்னை அரசு உரிமையை ஏற்றது. செட்டியார் விலை கோராது விட்டுக்கொடுத்தார். செல்லம்மாவுக்கும் மக்களுக்கும் பணம் வழங்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் வறுமையில் உழன்றவன் குடும்பத்துக்கு அது மிகையன்று என்பேன். 1955இல் பாடல்கள் பொதுவுடைமையாயின.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டமோ படைத்தவர் மறைந்த பின்னும் 70 ஆண்டு உரிமை தருகிறது.

மறுவாரம் அவளே பள்ளி மலருக்கு நம்மூர்க் கவிஞர் ஒருவரின் பாட்டைக் கொணர்ந்தாள். அவர் உயிரோடிருக்கிறார். முதலில் அவருக்கொரு கடிதம் எழுதச் சொன்னேன்.