பாரிமுனை: இடமும் பெயரும்

ஓர் இடம் உருமாறிய பின்னரும் அதன் பெயர் பழைய நிலையைச் சுட்டி நிற்பதுண்டு. சென்னைத் துறைமுகத்தை அடுத்துள்ள பாரிமுனை இதற்குத் தக்க சான்றாகும். அம்முனையின் வரலாற்றையும் பெயர் வழக்குகளையும் இணைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

1758-59இல் நிகழ்ந்த பிரெஞ்சு முற்றுகைக்குப் பின்னர், புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டு வெட்டவெளி உருவாக்கப்பட்டது. அதன் எல்லையைக் காட்ட 1773இல் ஆறு தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய ஒன்று இம்முனையிலேயே உள்ளது. வேல்ஸ் நாட்டவரான தாமஸ் பாரி 1788இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கினார். 1803இல் இம்முனையிலிருந்த மனையை வாங்கினார். அன்று கடல் மிக அருகில் இருந்தது. 1870களில் துறைமுகப் பணிகள் தொடங்கிய பின் அது விலகியது. எதிரே 1892இல் உயர் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. 1940இல் பாரி நிறுவனத்தின் புதிய மாளிகை, முற்காலக் கூட்டாளியான ஜான் வில்லியம் டேரின் பெயரைப் பெற்றது. முனையோ பாரியின் பெயரையே தக்கவைத்துக்கொண்டது. 2002இல் கோயம்பேடு நிலையம் திறக்கப்பட்டபின் வெளியூர்ப் பேருந்துகள் இப்பகுதியை விட்டு நீங்கின; 2019இல் மெட்ரோ இரயில் வந்தது.

இங்குச் சந்திக்கும் இரு சாலைகளும் பெயர் மாறின. சீனா பஜார் சாலை நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை ஆயிற்று. வடக்குக் கடற்கரைச் சாலை ராஜாஜி சாலை ஆயிற்று. அருகிலுள்ள பிராட்வே பிரகாசம் சாலையான பின்னரும் பேருந்துப் பலகைகளில் பழைய பெயரே நீடித்தது. சாலைப் பெயர் ஆணையால் மாறும். முனையின் பெயர் மக்கள் நாவில் வாழ்வது. கடல் விலகிய பின்னரும் இரயில் நிலையம் ‘கடற்கரை’ என்றே வழங்குவதும் ஒப்புநோக்கத்தக்கது.

தமிழில் இவ்விடத்திற்கு இரு வடிவங்கள் உள்ளன. ‘பாரிஸ் கார்னர்’ என்பது ஒலிபெயர்ப்பு. இதில் ஆங்கில உடைமை உருபு பெயரின் பகுதியாகவே உறைந்துவிட்டது. ‘பாரீஸ்’ என நீட்டி எழுதும்போது பிரெஞ்சுத் தலைநகரின் பெயரோடு மயங்குகிறது. ‘பாரிமுனை’ என்பதோ ஆறாம் வேற்றுமைத் தொகை. உடைமைப் பொருள் இழக்கப்படவில்லை. தமிழ் மரபின்படி தொக்கு நிற்கிறது. அறையின் உட்கோணத்தை நினைவூட்டும் ‘மூலை’யை விடுத்து, ‘தெருமுனை’யில் உள்ளதுபோல் ‘முனை’யைக் கொண்டதும் பொருத்தமே. ஆயினும் பறம்புமலைப் பாரியின் பெயரோடு ஒலி ஒன்றிவிடுவதால், வணிகர் பாரி மறைந்துபோகிறார்.

மொழிபெயர்ப்பாளர் இங்கு மூன்றனைக் கருத வேண்டும். முதலாவது, 1803க்கு முற்பட்ட செய்திகளில் இப்பெயரை ஏற்றுதல் காலவழு. இரண்டாவது, ‘பாரிமுனை’யை உரோமன் எழுத்தில் அப்படியே பெயர்த்தெழுதினால் ஆங்கில வாசகர் பாரி நிறுவனத்தை இனங்காண இயலாது. மூன்றாவது, நடைபாதை வணிகர், சுமைதூக்குவோர் முதலியோரின் வாய்மொழி வரலாறுகளில் ‘பாரிஸ்’ என வருவதைப் ‘பாரிமுனை’ எனத் திருத்துதல் ஆகாது. அவ்வாறு சீராக்கும்போது, அந்த முனையில் உழைத்து வாழ்ந்தோரின் சொல் ஆவணத்திலிருந்தே நீங்கிவிடும்.