பழுதுநீக்குவோரும் எழுத்தும்: கொச்சியிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

சென்ற மழைக்காலத்தில் களப்பணிக்காக மட்டாஞ்சேரியில் தங்கியிருந்தபோது எனது மடிக்கணினி ஒருநாள் இயங்க மறுத்துவிட்டது. ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கும் பணிக்கென வந்து குடியேறிய குடும்பங்கள் பேசும் தமிழ் எனது ஆய்வின் ஒரு பகுதி. ஒப்பீட்டுக்காக, மூத்த ஆய்வாளர் ஒருவர் 2001 அளவில் தட்டச்சிட்ட மீன்பெயர்ப் பட்டியலொன்றை அதில் வைத்திருந்தேன். பாலஸ் ரோட்டிலிருந்து பிரியும் சந்தொன்றில் உள்ள சர்வீஸ் கடையில் கருவி உயிர்பெற்றது. பட்டியலைத் திறந்தால் திரை முழுவதும் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாகக் குப்பை. என் முகம் வாடியதைக் கண்ட கடை இளைஞர் ஒரு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டு, "ஃபைல் கெடல அண்ணா, ஃபாண்ட்டுதான் இல்ல. இது பழைய திஸ்கி" என்றார்.

இருபத்தாறு வயதிருக்கும் ஒருவர் திஸ்கியை அடையாளம் காண்பது எனக்கு வியப்பாக இருந்தது. வாடிக்கையாளர்களின் பழைய வட்டுகளை மீட்டுக் கொடுத்துப் பழகியதில் கற்றதாம். பேச்சு வளர்ந்தது. ஆறு ஆண்டுகளாகப் பழுதுநீக்கும் பணி. இரவில் ஜாவாஸ்கிரிப்ட் பயிற்சி. வலை உருவாக்குநர் பணிக்கான நேர்காணல் ஒன்றில், "நீங்கள் சப்போர்ட் ஆள்தானே" என்ற ஒரு சொல்லோடு உரையாடல் முடிந்துவிட்டதாம். "சப்போர்ட்லேர்ந்து டெவலப்மெண்டுக்குப் போனவங்க யாராவது இருக்காங்களா அண்ணா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லி வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கு எழுதிவைக்கிறேன்.

நாங்கள் நின்று பேசிய ஊரிலிருந்தே தொடங்கலாம். 1579 நவம்பர் 14 அன்று கொச்சியில், இயேசு சபையாரின் மாத்ரே தே தேவுஸ் கல்லூரியில் 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சாகி முடிந்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 1578 அக்டோபர் 20 அன்று, கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. இவ்விரு நூல்களையும் குறிப்பிடும்போது நாம் அன்றீக் அடிகளாரின் பெயரைச் சொல்வோம். மொழிபெயர்த்தவர் அவர் என்பதால் அது முறையே. ஆனால் ஈயத்தில் தமிழெழுத்தை வார்த்தவர்கள் வேறு. கோவாவில் 1577இல் முதல் தமிழ் அச்செழுத்துகளைச் செய்தவர் ழுவான் கொன்சால்வஸ் என்னும் சபைச் சகோதரர். இரும்புவேலையிலும் கைவினையிலும் தேர்ந்தவர். தமிழறிந்த பேரோ லூயிஸ் அவருக்குத் துணைநின்றார். அவ்வெழுத்துகள் நிறைவளிக்காததால் கொல்லத்தில் மீண்டும் வார்த்தவர் ழுவான் தே ஃபாரியா. அவர் கட்டடக்கலை அறிந்தவர்.

'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கச் சிறுநூல். அதன் கடைசிப் பக்கத்தில் கோவாவில் வார்த்த எழுத்துகளும் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளும் வரிசையாக அச்சிட்டுக் காட்டப்பட்டுள்ளன. மறைக்கல்வி நூலில் அதற்கு என்ன வேலை என்று நெடுநாள் எண்ணியிருக்கிறேன். இன்று எழுத்துரு செய்வோர் வெளியிடும் சோதனைப் பக்கத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கிவிடுகிறது. முந்தைய பதிப்பில் என்ன குறை, இப்பொழுது எது சரிசெய்யப்பட்டுள்ளது என்று காட்டும் கைவினைஞரின் பக்கம் அது. தமிழ் அச்சு வரலாற்றின் முதல் நூலிலேயே ஒரு பழுதுநீக்கக் குறிப்பு உண்டு. நாம் அதை நூலடைவு விவரமாக மட்டுமே படித்து வந்திருக்கிறோம்.

நானூறு ஆண்டுகளைத் தாண்டி வலைக்கு வருவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கொன்சால்வஸை இன்றைய கணினிப் பணியாளரின் முன்னோடி என்று நான் சொல்லவில்லை. புதிய ஊடகத்தில் எழுத்து முதலில் உடையும் இடத்தைக் காண்பவர் யார் என்பதே என் கேள்வி. அவ்விடத்தில் பெரும்பாலும் கருவியோடு உழல்பவரே நிற்கிறார்.

வலையின் தொடக்கமும் அப்படித்தான். டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிவை எழுதியபோது, அங்கு வந்துபோகும் ஆய்வாளர்களோடு தகவலும் தொலைந்துபோகிறது என்னும் அன்றாட இடரைத்தான் எடுத்துக்காட்டினார். அந்நிறுவனத்தின் தொலைபேசிப் பட்டியலைப் பார்ப்பதற்கே பலர் முதலில் வலையைப் பயன்படுத்தினர். 1990களின் நடுவில் 'வெப்மாஸ்டர்' எனப்பட்டவருக்குத் தனிக் கல்வித்தகுதி எதுவும் வகுக்கப்படவில்லை. கணினியறையைக் கவனித்துக்கொண்டவர் வழங்கியையும் கவனித்தார். வழங்கியைக் கவனித்தவர் பக்கங்களையும் எழுதினார். அப்பாச்சி வழங்கி நிரலின் பிறப்பு இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் வழங்கி நிரலை எழுதிய ராப் மெக்கூல் 1994இல் விலகிச் சென்றதும் அதன் வளர்ச்சி நின்றது. அதை நம்பித் தளங்களை நடத்தியவர்கள் தத்தம் பழுதுகளுக்குத் தாமே ஒட்டுகள் எழுதினர். 1995இல் அவற்றை மின்னஞ்சல்வழி ஒன்றுதிரட்டி வெளியிட்டனர். வலையுருவாக்கம், பராமரிப்பு என்னும் இரு தொழில்களுக்கு இடையில் சுவர் எழுந்தது பிற்பாடுதான். நேர்காணலில் நம் இளைஞர் முட்டிக்கொண்ட சுவருக்கு வயது முப்பதுக்கும் குறைவு.

தமிழுக்கு இச்சுவர் இன்னும் தாமதமாகவே வந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் வலையேறியது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும், சுவிட்சர்லாந்தில் வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவும் புழங்கின. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. இன்னொரு பக்கம் ஆர்வலர்களின் திஸ்கி. நாளிதழ்களோ ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்தன. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தபோதும், விண்டோஸ் 2000 வரும்வரை அவ்வியங்குதளத்தில் அது முறையாகத் தோன்றவில்லை.

இக்காலத்தை நம் வரலாறுகள் மாநாடுகளின் வரிசையாகச் சொல்கின்றன. கணினி மேசையின் அருகிலிருந்து பார்த்தால் வேறொரு காட்சி. எக்ஸ்பி இயங்குதளத்தில் தமிழ் தெரியவேண்டுமானால் வட்டார அமைப்புக்குள் சென்று சிக்கல் எழுத்துமுறைகளுக்கான தேர்வைக் குறியிட வேண்டும். உடனே அது நிறுவல் வட்டைக் கேட்கும். வட்டு யாரிடமும் இராது. விண்டோஸ் 98 என்றால் எழுத்துகளைக் கோத்து அமைக்கும் யூனிஸ்கிரைப் கோப்பின் புதிய பதிப்பைத் தேடிப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும். 'தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது' என்ற முறையீட்டுக்கு ஒவ்வோர் அலுவலகத்திலும், இணையக் கடையிலும் விடை கண்டவர் அங்கிருந்த சப்போர்ட் பணியாளரே. தரப்படுத்தும் குழுக்களுக்கு நன்றி சொன்ன நாம் அவர்களை எங்கும் பதிவு செய்யவில்லை.

பதிவான ஒரு பெயர் அதிராம்பட்டினம் உமர் தம்பி (1953–2006). ஊரில் வானொலி, தொலைக்காட்சி பழுதுநீக்கும் கடை நடத்தியவர். பின் துபாய்க்குச் சென்று அங்கும் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்தவர். தம் முயற்சியால் கணினியைக் கற்று அத்துறைக்கு மாறியவர். அவருடைய 'தேனீ' ஒருங்குறி எழுத்துருவின் பயனை 2003க்குப் பின் வலைப்பதிவு தொடங்கியவர்கள் அறிவர். அவர் அதை இயங்கு எழுத்துருவாகவும் வழங்கினார். படிப்பவரின் கணினியில் தமிழெழுத்துரு இல்லாவிட்டாலும், பக்கத்தோடு எழுத்துருவும் இறங்கி வந்து தமிழைக் காட்டும். மைக்ரோசாஃப்டின் உலாவியில் 1997 முதல் இருந்த வசதியே இது; அதைத் தமிழ்ப் பதிவர்களின் கைக்குக் கொண்டுசேர்த்ததுதான் அவர் பணி. அத்துடன் எழுத்துருமாற்றி முதலிய சிறு கருவிகளையும் செய்து இலவசமாகக் கொடுத்தார்.

இங்கு ஒரு மொழியியல் மாணவனாக எனக்குத் தோன்றுவது இது. எழுத்துரு இல்லாதவரிடம் 'நிறுவிக்கொள்ளுங்கள்' என்பது பொறியாளரின் விடை. 'அவர் நிறுவமாட்டார், நிறுவத் தெரியாது, அலுவலகக் கணினியில் நிறுவ அனுமதியும் இராது' என்று முன்கூட்டியே அறிந்திருப்பது, பிறர் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பழகியவரின் அறிவு. இயங்கு எழுத்துரு அவ்வறிவிலிருந்து பிறக்கும் தீர்வு. இன்று ஒவ்வொரு தமிழ்த் தளமும் தன் எழுத்துருவைத் தானே சுமந்துவருவது வழக்கமாகிவிட்டதால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

ஆயினும் உமர் தம்பியை எடுத்துக்காட்டி மட்டாஞ்சேரி இளைஞருக்கு நம்பிக்கையூட்டுவது முழு நேர்மையாகாது. பழுதுநீக்குவதிலிருந்து கணினிக்கு அவர் மாறியது அவருக்குச் சம்பளம் தந்தது. தமிழ் வலைக்கு அவர் செய்தது ஓய்வுநேரத்தில், ஊதியமின்றி. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி, முகுந்தராஜின் எ-கலப்பை, காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் என அக்காலத்துத் தமிழ்க் கருவிகள் பலவும் தன்னார்வ உழைப்பே. கொச்சியில் கடலடி வடங்கள் கரையேறுகின்றன. காக்கநாட்டில் 2004 முதல் இன்ஃபோபார்க் இயங்குகிறது. அங்கு வலையுருவாக்கம் ஊதியமுள்ள தொழில். அதன் மொழி ஆங்கிலம். தமிழ் வலையை உண்டாக்கிய கைகளுக்குத் தமிழ் வலை சோறு போடவில்லை என்ற உண்மையைத் தமிழ்க் கணிமை பற்றிய நம் ஆய்வேடுகளில் நான் அரிதாகவே காண்கிறேன்.

அவர்களுள் பலர் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். எந்தத் தளம் எக்குறியேற்றத்தில் இருந்தது, எந்த எழுத்துருவில் எந்த எழுத்து இடம்மாறியிருந்தது என்பது அவர்களின் நினைவில் உள்ளது. ஊடக வரலாற்றில் ஆய்வுத்தலைப்பு தேடும் மாணவர்கள், மாநாட்டு மலர்களைப் புரட்டுமுன் தங்கள் ஊரில் பழைய இணையக் கடை நடத்தியவரை ஒருமுறை பேட்டி காணலாம்.

மீன்பெயர்ப் பட்டியலுக்கு வருகிறேன். பத்து நாள் கழித்து அவ்விளைஞர் தாமே எழுதிய வலைப்பக்கம் ஒன்றின் முகவரியை அனுப்பினார். பழைய உரையை ஒட்டினால் ஒருங்குறியில் தருகிறது. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்கும். 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. ஒருங்குறியில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னர். இந்த இடமாற்றத்தைச் சரியாகவே செய்திருந்தார். ஔகாரத்தில்தான் தடுக்கிற்று. அக்காலத்துத் தட்டச்சர்கள் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தையே அடித்துவிடுவர் என்பதை அவரும் அறிந்திருந்தார். ஆகவே கொம்புள்ள எழுத்துக்குப் பின் வரும் ளகரத்தையெல்லாம் ஔகாரமாக்கிவிட்டார். 'பௌர்ணமி' சரியாயிற்று. 'கெளுத்தி'யும் 'கெளிறு'ம் உடைந்தன. ளகரத்தின்மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது மெய்யான ளகரமே என்று நான் எழுதியனுப்பினேன். அன்றிரவே திருத்திவிட்டார். பட்டியலில் 212 பெயர்கள். நேற்றுவரை நான்கு மட்டும் படிக்க முடியாமல் எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்று மீனின் பெயர்தானா, தட்டச்சுப் பிழையா என்பதை வெளிப் பகுதியில் ஒரு பாட்டியிடம் கேட்க வேண்டும்.