உளியும் அமிலமும்: செப்புத்தகட்டு வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயர்ப்பட்டியலாகவோ, பழையதைப் புதியது அகற்றிய கதையாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. இவ்விரு நோக்கும் உழைப்பு நிகழும் முறையை மறைத்து விடுகின்றன. இன்று வீட்டிலிருந்தே மின்சுற்றுப் பலகை செய்வோருட் சிலர் இயந்திரச் செதுக்கலையும் இரசாயன அரிப்பையும் இணைத்துக் கையாளுகின்றனர். இவ்விணைப்பு ஐந்து நூற்றாண்டுப் பழைமையுடையது. அதன் சமூக அடிப்படையை ஈண்டு நோக்குவோம்.

ஐரோப்பாவில் இவ்விரு முறைகளும் இருவேறு பட்டறைகளிற் பிறந்தன. உளிச்செதுக்கு பொற்கொல்லரின் கைத்திறன்; நீண்ட பயிற்சியை வேண்டுவது. அமிலச்செதுக்கோ கவசத் தொழிலிலிருந்து வந்தது. இரும்பின்மீது மெழுகுப் பூச்சிட்டு, ஊசியாற் பூச்சினை மாத்திரம் கீறி, வெளிப்பட்ட கோட்டினை அமிலம் அரிக்க விடுவது அத்தொழிலாளர் வழக்கம். ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் கவசங்களை அலங்கரித்த டானியல் ஹொப்பர் 1500ஆம் ஆண்டளவில் இம்முறையை அச்சுப்படத்துக்குக் கொண்டுவந்தார். பொற்கொல்லரின் மகனான அல்பிறெக்ட் டியூரர் 1515க்கும் 1518க்கும் இடையில் இரும்புத் தகட்டில் ஆறு படங்களை ஆக்கியபின் இதனைக் கைவிட்டார். இரும்பு துருப்பிடிப்பது, உளிக்கு எளிதில் இணங்காதது.

இரண்டையும் இணைக்க வழிசெய்த உலோகம் செம்பாகும். பேரரசர் முதலாம் மக்சிமிலியன் 1519 ஜனவரியில் இறந்தார். மறு ஆண்டில் லூக்காஸ் வான் லெய்டன் ஆக்கிய அவரது உருவப்படத்தில் முகம் உளியினாலும், ஏனையவை பெரும்பாலும் அமிலத்தினாலும் அமைந்தன. நுணுக்கம் வேண்டிய இடத்தில் உளியும், விரைவு வேண்டிய இடத்தில் அமிலமும் தொழிற்பட்டன. பேரரசரின் மறைவு உண்டாக்கிய சந்தைத் தேவைக்கும் இத்தெரிவுக்கும் தொடர்புண்டு என்றே நாம் கருதுகின்றோம்.

எனினும் இவ்விணைப்பு சமநிலையுடையதாக இருக்கவில்லை. 1645இல் பாரிஸில் அமிலச்செதுக்குப் பற்றிக் கைந்நூல் எழுதிய ஆபிரகாம் பொஸ், அமிலக்கோடு உளிக்கோட்டைப் போலத் தோன்ற வேண்டுமென்று வலியுறுத்தினார். உயர்ந்த கைவினையெனக் கொள்ளப்பட்டதன் வேடத்தை மற்றையது அணிய நேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பட்டறைகளில் ஒருவர் அமிலத்தால் அடிப்படைக் கோடுகளை இட, வேறொருவர் உளியால் நிறைவு செய்தல் பெருவழக்காயிற்று. முறைகளின் இணைப்பு மனிதரின் பிரிவினையாயிற்று. இதற்கு மாறாக, றெம்பிராண்ட் தமது அச்சுப்படங்களில் அமிலம், ஊசி, உளி ஆகிய மூன்றையும் தம் கையாலேயே கலந்து, ஒரே தகட்டை மீண்டும் மீண்டும் திருத்தினார்.

இதே செப்பரிப்பு இருபதாம் நூற்றாண்டில் மின்னியலுள் நுழைந்தது. 1936இல் வியன்னாவிலிருந்து இங்கிலாந்தை அடைந்த யூத அகதி போல் ஐஸ்லர், செப்புத் தாளில் மின்சுற்றின் வடிவை அச்சிட்டு எஞ்சியதை அரித்தெடுக்கும் முறையை உருவாக்கி, 1943இல் காப்புரிமை கோரினார். முதலிட்ட நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில் அவர் தம் உரிமையை இழந்தமை, கண்டுபிடிப்பாளரும் மூலதனத்தின் முன் உழைப்பாளரே என்பதைக் காட்டுகின்றது. ஊசி பிடித்த கையின் இடத்தை அச்சு பிடித்தது. வரைவும் செய்கையும் பிரிந்தன.

வீட்டுப் பட்டறையில் அவை மீண்டும் சந்திக்கின்றன. பலகையின் செப்புப்படலம் பெரும்பாலும் 35 மைக்ரோன் தடிப்புடையது. இயந்திரத்தால் மாத்திரம் வெட்டின் கண்ணாடி இழைத் தூசு எழும், கூர் தேயும், பலகை சற்று வளைந்திருப்பினும் வெட்டின் ஆழம் மாறும். ஆகவே பலகைக்கு வர்ணம் பூசி, கணினி இயக்கும் முனையால் வர்ணத்தை மாத்திரம் கீறி, பெரிக் குளோரைட்டுக் கரைசலில் இடுகின்றனர். கீறிய ஒடுங்கிய இடைவெளிகள் மாத்திரமே அரிபடுவதாற் கரைசலும் குறைவாகவே தீர்கின்றது. இது ஹொப்பரின் முறையேயன்றி வேறன்று.

இதனை உழைப்பின் விடுதலையெனப் போற்றுதல் மிகையாகும். செப்புப் பலகையும் கணினியும் பெருந்தொழிற்சாலைகளின் உற்பத்திகளே. செம்பு கலந்த கழிவுக் கரைசலை வடிகாலில் ஊற்றினால் அது நீர்நிலைகளை நஞ்சாக்கும். ஆயினும் திட்டமிடும் மூளையும் செய்யும் கையும் இயல்பிலேயே வேறானவை என்னும் கருத்தை இச்சிறு பலகை மறுக்கின்றது. உளியையும் அமிலத்தையும் பிரித்தும் இணைத்தும் வைத்தவை அவற்றின் இயல்புகள் மாத்திரமல்ல. அவை யாருடைய கையில், யாருடைய தேவைக்காக இருந்தன என்பதே வரலாற்றாய்வாளர் எழுப்பவேண்டிய வினாவாகும்.