அழுத்தத்தின் அளவும் அழுத்தத்தின் சரிவும்: சோழமண்டலக் கரையின் அன்றாட வானிலை பற்றி ஓர் ஆய்வு

பாரமானியின் பாதரசம் இறங்கினால் மழை வரும், ஏறினால் வானம் தெளியும் என்ற விதியைப் பள்ளிப் பருவத்திலேயே கற்றுவிடுகிறோம். அது வடமேற்கு ஐரோப்பாவின் கடற்கரைகளில் பண்பட்ட விதி. 1859-இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் சிக்கி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861-இல் பிரிட்டனின் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை விடுக்கத் தொடங்கினார். மீனவர்கள் பார்த்துப் பயனடையும்படி கரையோர ஊர்களில் பாரமானிகளை நிறுவச் செய்தவரும் அவரே. அட்லாண்டிக்கிலிருந்து அடுத்தடுத்து வரும் தாழ்வுகளும் உயர்வுகளும் அங்கே ஓரிரு நாள்களில் காற்றழுத்தத்தை 20, 30 ஹெக்டோபாஸ்கல் வரை மாற்றிவிடும். அத்தகைய ஊரில் பாரமானியை நம்பிக் கடலுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இவ்விதி பெரும்பாலான நாள்களில் பொய்த்துவிடும். இங்கே அன்றாட வானிலையைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, இடத்துக்கு இடம் உள்ள மிகச் சிறிய அழுத்த வேறுபாடு, அதாவது அழுத்தச் சரிவு. மற்றொன்று, அந்த வேறுபாட்டை வெப்பம் எந்த நேரத்தில், எந்த உயரத்தில் உண்டாக்குகிறது என்பது. ஓரிடத்தில் பாரமானி காட்டும் அழுத்தத்தின் அளவு மட்டும் இவற்றுக்கு ஈடாகாது. நமது பாடநூல்களும் செய்தி அறிக்கைகளும் அளவையே சொல்லிச் சரிவைச் சொல்லாமல் விடுவதால், தினமும் கண்முன் நடக்கும் காற்றும் மழையும் நமக்குப் புதிராகவே நின்றுவிடுகின்றன.

முதலில் பாரமானியின் அன்றாட நடையைப் பார்ப்போம். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் உச்சம். விடியற்காலை நான்கு மணி வாக்கிலும் மாலை நான்கு மணி வாக்கிலும் தாழ்வு. வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஓசோனும் கீழடுக்கில் நீராவியும் சூரிய ஒளியை உறிஞ்சுவதால் எழும் அலை இது. கடலில் ஓதம் ஏறி இறங்குவதைப் போல வளிமண்டலம் முழுவதும் நாள்தோறும் அசைகிறது. தென் அமெரிக்காவில் பயணம் செய்த அலெக்ஸாண்டர் ஃபான் ஹும்போல்ட் இந்த ஒழுங்கைக் கண்டு வியந்து பதிவு செய்திருக்கிறார். நமது கரையில் காலைக்கும் மாலைக்கும் இடையே அழுத்தம் ஏறத்தாழ 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கிவிடும். மேகமே இல்லாத பங்குனி மாதத்திலும் இறங்கும். ஐரோப்பிய விதியை அப்படியே பின்பற்றினால் தினமும் பிற்பகலில் மழைக்காகக் குடை விரிக்க வேண்டியிருக்கும்!

இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் இதை நன்கறிவர். காலை 8.30 மணி அழுத்தத்தை அன்று மாலை 5.30 மணி அழுத்தத்தோடு ஒப்பிட்டு அவர்கள் எதையும் முடிவு செய்வதில்லை. முந்தைய நாளின் அதே நேரத்து அழுத்தத்தோடு ஒப்பிட்டு, 24 மணி நேர மாற்றத்தையே வரைபடத்தில் குறிக்கிறார்கள். அந்த மாற்றம் பல நாள்களில் 1 ஹெக்டோபாஸ்கலைக்கூட எட்டுவதில்லை.

இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு என்ன வலிமை இருக்க முடியும் என்ற கேள்வி நியாயமானது. விடை புவியின் சுழற்சியில் இருக்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நேராகப் பாய முயலும் காற்றைப் புவிச் சுழற்சி பக்கவாட்டில் திருப்புகிறது. கொரியாலிஸ் விசை எனப்படும் இவ்விளைவு துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல வலுக்கும், நிலநடுக்கோட்டில் மறைந்துவிடும். 13 பாகை அட்சரேகையில் உள்ள சென்னையில் அதன் வலிமை லண்டனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றைச் சீராக நிலைநிறுத்த லண்டனில் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.4 ஹெக்டோபாஸ்கல் அழுத்தச் சரிவு வேண்டும். சென்னையில் சுமார் 0.4 போதும். உராய்வைக் கணக்கில் சேர்க்காத கணக்குதான் இது, ஆனாலும் ஒப்பீடு மாறாது. நமது கரையில் பலத்த காற்றை எழுப்பும் வேறுபாடு, தினசரி அலையின் ஏற்ற இறக்கத்தைவிடச் சிறியது. தனித்து நிற்கும் ஒரு பாரமானியால் அதைக் காட்டவே இயலாது. பல ஊர்களின் அளவீடுகளை ஒரே நேரத்தில் எடுத்து, சமஅழுத்தக் கோடுகளை வரைந்தால்தான் அது புலப்படும்.

கோடை வெயிலை எடுத்துக்கொண்டால் இவ்வாதம் இன்னும் தெளிவாகும். சென்னையின் உச்சியில் சூரியன் நேராக நிற்பது ஏப்ரல் 24, 25 தேதிகளை ஒட்டியும், மீண்டும் ஆகஸ்ட் நடுப்பகுதியை அடுத்தும். சூரியனின் உயரமே வெப்பத்தைத் தீர்மானித்தால் ஏப்ரல் இறுதியே நகரின் கடும் வெயில் காலமாக இருந்திருக்க வேண்டும். நடப்பது வேறு: மே மாதத்தின் பிற்பகுதியும் ஜூன் தொடக்கமும்தான் மிகக் கொடியவை. நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்ச வெப்பநிலையான 45 பாகை செல்சியஸ் 2003 மே 31 அன்று வந்தது. மக்கள் வழக்கில் அக்கினி நட்சத்திரம் முடிந்த பிறகு வந்த நாள் அது.

இந்தக் காலத் தாழ்ச்சிக்கு நிலம் படிப்படியாக உலர்ந்து சூடேறுவதும் ஒரு காரணம்தான். ஆனால் கடலோர நகரத்தில் அதைவிட முதன்மையான காரணம் கடற்காற்று வரும் நேரம். பகலில் நிலம் கடலைவிட விரைந்து சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழ, உயரத்தில் அது கடல் பக்கமாக வழிகிறது. அதனால் நிலத்தின் மேலுள்ள காற்றின் மொத்த எடை சற்றே குறைந்து, தரைமட்ட அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் அளவு தாழ்கிறது. உடனே கடலின் மேலுள்ள காற்று கரையேறுகிறது. வங்கக் கடலின் மேற்பரப்பு மே மாதத்தில் 29, 30 பாகை வெப்பத்தில் இருப்பதால், கரையேறும் காற்று நகரின் வெயிலை அந்த நிமிடத்திலேயே தணிக்கிறது. ஏப்ரலில் முற்பகலிலேயே இது நிகழ்ந்துவிடுவதால் வெப்பநிலை மேலே ஏற வாய்ப்பில்லாமல் போகிறது.

மே மாத இறுதியில் இந்தியத் துணைக்கண்டத்தின் அழுத்த அமைப்பே மாறிவிடுகிறது. சிந்து, தார்ப் பாலை நிலங்களின் மேல் வெப்பத் தாழ்வு ஆழமாகிறது. தென் இந்தியப் பெருங்கடலில் மஸ்கரீன் தீவுகளை ஒட்டிய உயர் அழுத்தம் வலுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரிவில் எழும் மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்புறத்தில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, இப்புறம் இறங்கும்போது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் சூடேறுகிறது. பிறகு உலர்ந்த சமவெளியைக் கடந்து சென்னையை அடைகிறது. கரையோர மீனவர் கச்சான் என்று சொல்லும் இக்காற்று ஓங்கிய நாள்களில் கடற்காற்று கடலுக்குள்ளேயே தடுத்து நிறுத்தப்படுகிறது. அது பிற்பகல் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ கரையேறும், அல்லது வராமலே போகும். கடலிலிருந்து கூடுதல் தொலைவில் உள்ள மீனம்பாக்கம் அந்நாள்களில் நுங்கம்பாக்கத்தைவிட அதிகமாகக் கொதிப்பதும் கடற்காற்று அங்கே தாமதமாகச் சேர்வதால்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இரண்டு அழுத்த மையங்கள், திருவல்லிக்கேணித் தெருவில் ஒரு பிற்பகல் எப்படியிருக்கும் என்பதை முடிவு செய்கின்றன. வெயிலின் கடுமையை வெப்பமானியின் எண்ணாக மட்டுமே அறிவிப்பது, இந்த உறவை மக்கள் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

வெப்பம் கிடைமட்டத்தில் காற்றை நகர்த்துவதோடு நிற்பதில்லை. செங்குத்தாகவும் வேலை செய்கிறது. செய்திகளில் வெப்பச்சலன மழை என்று கேட்கிறோம். தரை கொதித்தால் மழை பெய்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது போதாது. மேலெழும் காற்று தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடத் தொடர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால்தான் இடிமேகமாக வளரும். அதற்குக் கீழே ஈரமும் மேலே குளிர்ச்சியும் வேண்டும். கடற்காற்றின் முன்விளிம்பு உள்நாட்டுக்குள் நகர்ந்து, சூடான உலர்காற்றோடு மோதும் இடத்தில் இவை கூடிவருகின்றன. திருவள்ளூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பகுதிகளில் மாலை இடிமழை அடிக்கடி எழுவது இவ்வாறுதான். நடு உயரத்து மேற்குக் காற்று அம்மேகங்களைக் கிழக்கே தள்ள, சென்னையில் இரவு எட்டு, ஒன்பது மணிக்குமேல் மழை பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னை பெறும் சுமார் 40 செ.மீ. மழையில் பெரும்பங்கு இப்படி வருவதே. மழைக்கு முன் பாரமானியில் இதற்கான தடயம் பெரும்பாலும் இராது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை வேறு என்று சொல்லப்படலாம். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் என்ற வரிசையில் அழுத்தம் குறையக் குறைய மழை கூடும் என்பது பொதுநம்பிக்கை. இந்த நம்பிக்கையைத்தான் மிகுந்த அக்கறையோடு மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில் உயிர்கள் அடங்கியுள்ளன. வானிலைத் துறையின் வகைப்பாடு காற்றின் வேகத்தை ஒட்டியது: மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 63-ஐத் தொட்டால் புயல். மழையின் அளவு அதில் இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, அதற்குக் காரணமான அமைப்பு தாழ்வு மண்டலம் என்ற நிலையைக்கூட எட்டியிருக்கவில்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது, தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுதும் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். அன்று குமரிக் கடல் பகுதியில் இருந்தது ஒரு வளிமண்டலச் சுழற்சிதான். பெயர் சூட்டப்பட்ட புயல் எதுவும் இல்லை.

இங்கும் சரிவும் வெப்பமும்தான் விளக்கம் தருகின்றன. 30 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 பாகையில் 17 கிராம் மட்டுமே. வெதுவெதுப்பான வங்கக் கடலைத் தழுவி வரும் கிழக்குக் காற்று அவ்வளவு நீரைச் சுமந்துகொண்டு கரையில் உராய்ந்து வேகம் குறைகிறது. பின்னால் வரும் காற்று முன்னதன்மேல் குவிய, மேலெழுவதைத் தவிர வேறு வழியில்லை. இரவில் நிலம் குளிர்ந்து மெல்லிய நிலக்காற்று எதிர்த்தால் அந்தக் குவிவு கரைக்கு அருகிலேயே நிகழ்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களில் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே மழை வலுப்பதை இது விளக்குகிறது. அமைப்பு மெதுவாக நகர்ந்தாலோ நின்றுவிட்டாலோ, அதன் அழுத்தம் எவ்வளவு ஆழமற்றதாக இருந்தாலும் வெள்ளம் வரலாம்.

கடும்புயல்களில் மட்டும் பழைய விதி முழு வலிமையோடு திரும்புகிறது. 1999 ஒடிசா புயலின் மையத்தில் அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல் என்று மதிப்பிடப்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் தனி ஒரு பாரமானியும் உண்மையைச் சொல்லும். அரிதாக வரும் அந்த நாள்களை வைத்து ஆண்டின் மற்ற நாள்களைப் படிக்க முயல்வதுதான் பிழை.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் 1792-இல் எழுந்தது. அங்கே 1796 முதல் காற்றழுத்தமும் வெப்பநிலையும் குறிக்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆசியாவிலேயே இவ்வளவு நீண்ட கருவிப் பதிவுகள் உள்ள ஊர்கள் மிகச் சில. அப்படிப்பட்ட மண்ணில் படிக்கும் மாணவர், ஃபிட்ஸ்ராய் காலத்து விதியை மட்டும் ஒப்பித்துத் தேர்வு எழுதுவது வருத்தத்துக்குரியது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடநூல்களில் சென்னையின் ஒரு நாள் அழுத்த வரைபடமும், கடற்காற்று வந்த நாள், வராத நாள் இரண்டின் வெப்பநிலைக் கோடுகளும் இடம்பெற வேண்டும். தொலைக்காட்சிச் செய்தியில் தாழ்வின் பெயரோடு அது நகரும் வேகமும் எதிர்பார்க்கும் மழையளவும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. பாடநூல் எழுதுவோரும் செய்தி ஆசிரியர்களும் இதை அடுத்த பருவமழைக்கு முன்பே தொடங்கலாம்.