பட்டுத் துணியில் தேசப்படம்

தேசப்படம் என்றவுடன் எவர்க்கும் நினைவில் எழுவது காகிதமே. ஆனால் வழிநடப்போனுக்குக் காகிதம் அத்துணை நல்ல துணையன்று. மழையில் நனைந்தால் கூழாகும், மடித்த இடத்திற் கிழியும், விரிக்கும்போது சலசலக்கும். இக்குறைகளை உயிர்ப்பயத்தோடு உணர்ந்தவர் படைவீரர். ஆகவே துணித் தேசப்படத்தின் வரலாறு பெரும்பாலும் போரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது.

சீனதேசத்திலே, சாங்சா நகரை அடுத்த மாவாங்டூய் என்னுமிடத்தில், 1973ஆம் ஆண்டு பழைய புதைகுழியொன்று அகழப்பட்டது. கி.மு. 168இல் மூடப்பட்ட அக்குழியினுள் பட்டில் வரைந்த தேசப்படங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று எல்லைக் காவற்படையின் நிலைகளைப் பல வண்ணங்களிற் காட்டுவது. தெற்குத் திசை அதன் மேற்புறத்தில் அமைந்துள்ளது. ஊர்ப்பெயர்களின் அருகே குடும்பங்களின் தொகை குறிக்கப்பட்டிருக்கின்றது. சில ஊர்களுக்கு நேரே, இப்பொழுது ஆளில்லை என்னும் குறிப்பு மட்டுமே உண்டு. அவ்வூரார்க்கு நேர்ந்தது யாதென்று படம் கூறவில்லை.

ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், இரண்டாவது உலகப் போரிலே, பட்டுத் தேசப்படம் மீண்டும் பெரும்பணி புரிந்தது. 1939ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திற் பிரித்தானியா எம்.ஐ.9 என்னும் இரகசியப் பிரிவொன்றை நிறுவியது. பகைவர் நாட்டில் வீழ்ந்த விமானிகளும் சிறைப்பட்ட வீரரும் தப்பிவர உதவுதல் அதன் கடமை. அதற்கு வேண்டிய கருவிகளை அமைக்கும் பொறுப்புக் கிறிஸ்தோபர் கிளேற்றன் ஹட்டன் என்பவரிடம் விடப்பட்டது. அவர் முதலிற் செய்த காரியம் சற்று வேடிக்கையானது. முதலாவது உலகப் போரிற் சிறையினின்று தப்பியோர் எழுதிய நூல்களைத் திரட்டி, ரக்பி பாடசாலையின் மேல்வகுப்பு மாணவரிடம் கொடுத்து, அவற்றைச் சுருக்கித் தரும்படி கேட்டார். மாணவர்க்கு இதனினும் இனிய வீட்டுவேலை எக்காலத்தும் வாய்த்திராது! அச்சுருக்கங்களிலிருந்து ஓர் உண்மை தெளிவாயிற்று: தப்பியோடுவோனுக்கு இன்றியமையாதன தேசப்படமும் திசையறி கருவியும்.

எடின்பரோ நகரின் பார்த்தலோமியூ நிறுவனத்தார் தம் ஐரோப்பியத் தேசப்படங்களைப் பணம் ஏதும் பெறாமலே வழங்கினர். ஆயின் பட்டில் அச்சிடுதல் எளிதாயிருக்கவில்லை. மை இழைகளில் ஊறிப் பரவியது. எல்லைக்கோடும் ஆறும் ஒன்றாய்க் கலங்கின. பழப்பாகு உறைவதற்கு உதவும் பெக்ரின் என்னும் பொருளை மையிற் சேர்த்த பின்னரே கோடுகள் கூர்மையாய் நின்றன என்று ஹட்டன் பிற்காலத்தில் எழுதினார். லீட்ஸ் நகரின் வாடிங்டன் அச்சகத்தார் அப்படங்களை அச்சிட்டனர். பரசூட்டுகளுக்கும் பட்டு வேண்டியிருந்தமையால் ரயோன் துணியும் பயன்பட்டது.

இப்படங்களால் விளைந்த நன்மை யாது? சட்டையின் உட்புறத்தில் வைத்துத் தைத்துவிட்டால், சோதனையிடுவோன் தடவிப் பார்க்கினும் துணிக்கும் படத்துக்கும் வேறுபாடு தோன்றாது. இருபுறமும் அச்சிட்ட பெரும் படமும் உள்ளங்கையில் அடங்கும். கால்வாயொன்றை நீந்திக் கடந்தாலும், பிழிந்து உலர்த்தி மீண்டும் விரிக்கலாம். யாவற்றினும் மேலாக, அது ஓசை எழுப்பாது. பகலில் வைக்கோற் போரிற் பதுங்கி இரவில் நடப்பவனுக்கு, காவலன் பத்தடி தூரத்தில் நிற்கும் வேளையில், அவ்வமைதியின் பெறுமதி சொல்லில் அடங்காது. குறையும் இல்லாமலில்லை. நாடு முழுவதையும் சிறிய அளவிற் காட்டியமையால், ஆறும் இருப்புப்பாதையும் எல்லையும் தெரிந்தன. சிற்றூரின் ஒற்றையடிப் பாதை தெரியவில்லை.

சிறைமுகாம்களுக்குப் படங்களை அனுப்புவதில் எம்.ஐ.9 ஓர் ஒழுங்கை உறுதியாய்க் கடைப்பிடித்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொதிகளில் எதனையும் ஒளித்தலாகாது. அகப்பட்டால் ஆயிரக்கணக்கான கைதிகளின் உணவு நின்றுபோகும். ஆதலின் இல்லாத தருமச் சங்கங்களின் பெயரில் விளையாட்டுப் பொருள்களும் பிறவும் அனுப்பப்பட்டன. மொனொப்பொலி விளையாட்டுப் பெட்டிகளிற் படங்கள் சென்றன என்னும் கதை இன்றும் பெரிதும் வழங்குகின்றது. அவ்விளையாட்டை அச்சிட்டதும் வாடிங்டன் நிறுவனமே ஆதலாற் கதைக்கு வேர் உண்டு. அதற்குப் பிற்காலத்தார் சூட்டிய பெருமைக்கோ சான்று போதாது.

முகாம்களுக்குள்ளே கைதிகளும் வாளாவிருக்கவில்லை. சாகன் முகாமிலே டெஸ்மண்ட் பிளங்கற் என்னும் விமானப்படை அதிகாரியின் குழுவினர், உண்ணும் ஜெலியையே அச்சுப் பலகையாக்கித் தேசப்படங்களைப் படியெடுத்தனர். 1944 மார்ச் 24ஆம் திகதி இரவு அம்முகாமின் சுரங்கவழியே 76 பேர் வெளியேறினர். பனி ஆழமாய் மூடியிருந்தமையாற் பலர் காட்டுவழியை விட்டுப் பெருந்தெருவுக்கு வரவேண்டியதாயிற்று. 73 பேர் பிடிபட்டனர். அவர்களுள் 50 பேர் ஹிட்லரின் கட்டளைப்படி சுட்டுக் கொல்லப்பட்டனர். மூவரே விடுதலையடைந்தனர்.

பசிபிக் சமுத்திரத்தின்மேற் பறந்த அமெரிக்க விமானிகளுக்கும் ரயோன் தேசப்படங்கள் வழங்கப்பட்டன. கடலில் வீழ்ந்தோன் தெப்பத்திலிருந்து நோக்குவதற்காக நீரோட்டங்களும் காற்றின் போக்கும் அவற்றிற் குறிக்கப்பட்டிருந்தன.

போர் முடிந்தபின் எஞ்சிய பட்டுப் படங்கள் பொதுமக்களுக்கு விற்பனையாயின. பிரித்தானியாவில் ஆடைப் பங்கீடு 1949 வரை நீடித்தது; நல்ல துணி கிடைத்தல் அரிது. பெண்கள் அப்படங்களை வாங்கிச் சட்டையும் கழுத்துத்துணியும் தைத்துக்கொண்டனர். அவ்வாடைகளுட் சில நூதனசாலைகளில் உள்ளன. அவற்றின் தோளிலும் கையிலும் ஐரோப்பாவின் ஆறுகளும் எல்லைகளும் இன்றும் தெளிவாய்த் தெரிகின்றன.