இரைச்சலும் ஒரு சான்றே

1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்தார். மின் ஒலிவாங்கி இல்லாத காலம் அது. கூம்புக்குழலின் முன் எழுந்த குரலின் அதிர்வே மெழுகுத் தட்டில் வரிப்பள்ளமாகப் பதிந்தது. அதிலிருந்து ஜெர்மனியின் ஹனோவரில் அரக்குத் தட்டுகள் அச்சாயின.

இன்று அத்தகைய தட்டுகளைக் கணினிக்கு மாற்றுவோர் மென்பொருளால் இருவகை ஓசைகளை நீக்குகின்றனர். கீறலால் எழும் சொடுக்கொலி நொடியின் சிறு கூறே நீடிப்பது. அண்டை ஒலியைக் கொண்டு அவ்விடைவெளியை நிரப்பிவிடலாம். அரக்கில் கலந்த கனிமத் தூளால் எழும் தொடர் இரைச்சலோ அத்தகையதன்று. கூம்பு பதிந்த எல்லைக்கு அப்பாலுள்ள இரைச்சலை அஞ்சாமல் வெட்டலாம். எல்லைக்குள் உள்ளதை மிகையாக வெட்டினால் மெய்யொலிகளின் கூர்மையும் உடன் மழுங்கும். பின்னர் அம்மழுக்கம் பாடகியின் உச்சரிப்பா, மென்பொருளின் விளைவா என்று பிரித்தறிய இயலாது.

கல்வெட்டைப் பதிப்பிப்போர், சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பினால் அதை அடைப்புக்குறிக்குள் இடுவர். தூய்மைப்படுத்திய ஒலியில் அந்த அடைப்புக்குறி கேட்பதில்லை. திருத்தப்படாத முதற்படியைத் தனியே காக்குமாறு பன்னாட்டு ஒலி ஆவணக்காப்பக நெறிமுறைகள் வலியுறுத்துவது இதனாலேயே. தூய்மையான படி செவிக்கு; இரைச்சலோடு கூடிய படி வரலாற்றுக்கு.