வெள்ளாற்றுத் தண்ணீரில் பிறந்தவை

"கடலே இல்லாத செஞ்சியில கடல் மீனா சார்?" பால் ஊற்ற வருபவரில் தொடங்கி, என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் வரை எல்லாரும் கேட்பது இதைத்தான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். அதனால் கிருஷ்ணப்ப நாயக்கரிலிருந்துதான் பதிலைத் தொடங்குவேன்.

1597-இல் இயேசு சபைப் பாதிரியார் நிக்கோலாஸ் பிமெண்டா செஞ்சிக்கு வந்தார். லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகலில் இத்தனை பெரிய நகரம் கிடையாது என்று எழுதி வைத்தார். அப்போது ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் தன் பெயரால் கிருஷ்ணப்பட்டினம் என்றொரு ஊரை எழுப்பினார். போர்த்துகீசியர் புழங்கிய அந்தக் கழிமுகக் கரை அவர்களுக்குப் போர்ட்டோ நோவோ, நமக்குப் பரங்கிப்பேட்டை. 1677-இல் செஞ்சிக் கோட்டை சிவாஜியின் கைக்கு வந்த பிறகும், அந்தக் கரையில் ஆங்கிலேயர் பண்டகசாலை வைக்க வேண்டுமானால் செஞ்சியில்தான் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. செஞ்சியில் கடல் கிடையாது. ஆனாலும் செஞ்சிக்கு ஒரு கடற்கரை இருந்தது.

என் கூடத்துத் தொட்டியில் நீந்தும் இரண்டு கோமாளி மீன்களும் அந்தக் கரையில் பிறந்தவை.

கடல் மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. 1909-லேயே சென்னை மெரினாவில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. அங்கே கடல் பக்கத்திலேயே இருந்தது. கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் கடல் மீன் வளர்க்க, கடல் தண்ணீரை வீட்டிலேயே கலக்கிக்கொள்ளும் வழி வர வேண்டியிருந்தது. 1964-இல் அமெரிக்காவில் அதற்கான உப்புக் கலவை கடைக்கு வந்தது. மரக்காணத்து உப்பளத்து உப்பு இதற்கு உதவாது. உப்பளத்தில் சமையல் உப்பு மட்டும் படிகிறது. மக்னீசியமும் கால்சியமும் பெரும்பாலும் பிரிந்து போய்விடும். மீனுக்கோ கடலில் உள்ள அத்தனையும் அதே விகிதத்தில் வேண்டும்; கடல் நீரில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம்.

தண்ணீரைக் கலக்கத் தெரிந்துவிட்டது. மீன் மட்டும் பவளப்பாறையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடைப் பீய்ச்சி மயக்கிப் பிடித்தார்கள். மீனோடு பவளமும் செத்தது. 2003-இல் 'ஃபைண்டிங் நீமோ' வந்ததும் உலகமே இந்த மீனைக் கேட்டது. நானும் கேட்டேன். ஒரு கடையில் வாங்கிய ஜோடி எந்தத் தீனியையும் தொடவில்லை. ஒன்பதாம் நாள் இரண்டும் மிதந்தன. கடலில் பிடித்தவை என்று பிறகுதான் சொன்னார்கள். அந்தத் தொட்டியைப் பல வருஷம் காலியாகவே வைத்திருந்தேன்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் 1970களின் தொடக்கத்திலேயே கோமாளி மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து விற்பனைக்கு வளர்த்துக் காட்டிவிட்டார். நம் பக்கம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்தார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் அஜித்குமாரும் பாலசுப்ரமணியனும் செய்தது இன்னொரு படி மேலே. தூய கடல் நீர் இல்லாமல், உப்புக் குறைந்த வெள்ளாற்றுக் கழிமுகத் தண்ணீரிலேயே இந்த மீனை முட்டையிட வைத்துக் குஞ்சும் வளர்த்தார்கள். 2009-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அது வெளியானது. கழிமுகத்தை ஒட்டி வாழும் ஒரு குடும்பம்கூடச் செய்யக்கூடிய தொழில் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அந்தச் செய்தியைப் படித்துத்தான் தொட்டியைத் திரும்பக் கழுவினேன். பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர், விழுப்புரம் வழியாகப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன், ஆக்சிஜன் அடைத்த பையில் இரண்டு மீன். அன்று மாலையே தீனி எடுத்தன. பவளம் வைக்கவில்லை, கடினப் பவளங்களுக்கு 2001 முதல் புலிக்குள்ள அதே சட்டப் பாதுகாப்பு உண்டு. கோமாளி மீன் ஒண்டி வாழும் கடல் சாமந்தியும் இல்லை. ஒரு மண்சட்டியைச் சாய்த்து வைத்தேன். அதுவே அவற்றுக்கு வீடாயிற்று.

இந்த மீன் ஆணாகவே வளரும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். இரண்டாம் வருஷம் என் பெரியது சட்டியின் உள்புறத்தைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தது. மறுநாள் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் கேழ்வரகு தூவியது போல முட்டைகள். ஆண் இரவும் பகலும் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. நிறம் கருத்து, ஏழாம் நாள் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளிப் பொட்டாய் இரண்டு கண்கள். எட்டாம் நாள் இருட்டியதும் பொரிந்தன. மூன்று நாளில் எல்லாம் செத்தன. கண்ணுக்கு எளிதில் தெரியாத ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்தான் அவற்றின் தாய்ப்பால், என்னிடம் அது இல்லை. அடுத்த முறை பச்சைப்பாசித் தண்ணீரில் ரோட்டிஃபர் வளர்த்துக் காத்திருந்தேன். பதினான்காம் நாள் பதினொரு குஞ்சுகளுக்கு வெள்ளைப் பட்டை விழுந்தது.

ஐந்தைத் திண்டிவனத்தில் உள்ள ஒரு மாணவனுக்குக் கொடுத்தேன். எந்தக் கடல் மீன் சார் என்று கேட்டான். செஞ்சி மீன்தான்பா என்றேன்.